கடற்கரை வீட்டில் இரண்டு விலாசம்

1

செட்டிநாட்டுப் பழைய வீடுகளை ஹெரிடேஜ் ஹோட்டலாக மாற்றும் ஒரு கம்பெனியில் இன்வென்டரி எடுப்பது என் வேலையாக இருந்தது. ஒவ்வொரு சாமானுக்கும் டேக் கட்டி, போட்டோ எடுத்து, கண்டிஷன் ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட வேண்டும். சந்தேகப்படுவதற்குத்தான் சம்பளம் என்று மேனேஜரே சொல்வார். எனக்கு அது இயல்பாகவே வந்தது. வீட்டில் தயிர் குறைந்தால்கூடப் பூனையை நம்பாமல் மனிதர்களை விசாரிக்கிறவன் நான்.

தொண்டிக்குத் தெற்கே இருந்த கடற்கரை வீட்டுக்குப் போன முதல் நாளே எனக்குப் பொறி தட்டியது.

கண்டரமாணிக்கத்துச் சொக்கலிங்கம் செட்டியாரும் அவர் மனைவி உமையாள் ஆச்சியும் குளிர்காலத்துக்கென்று கட்டிய வீடு அது. ஐப்பசி, கார்த்திகை மழை ஓய்ந்ததும் குடும்பத்தோடு வந்து மாசி வரை இருப்பார்கள். கூடவே ஓவியர்களும் வீணைக்காரர்களும் வந்து தங்குவார்கள். சாப்பாடு, துணிமணி, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடச் செலவு எல்லாம் செட்டியார் பொறுப்பு. ஓவியர்கள் போகும்போது ஒரு படத்தை விட்டுவிட்டுப் போவார்கள். அப்படிச் சேர்ந்த படங்கள் பதினெட்டு இருந்தன. இந்த வரலாற்றை வாசல் போர்டுக்கு எழுதித் தரும் வேலையும் எனக்குத்தான்.

செட்டியார் வீடுகளில் அண்டா முதல் அகப்பை வரை குடும்பத்தின் இனிஷியலை வெட்டி வைப்பார்கள். அதற்கு விலாசம் என்று பெயர். வீட்டுப் பத்திரத்தில் இருந்த விலாசம் 'மெ.வீ.' ஆனால் நாற்காலிகளின் அடியிலும் படச் சட்டங்களின் பின்னாலும் 'அரு.க.' என்று வெட்டியிருந்தது.

காரைக்குடிப் பழம்பொருள் கடைகளில் உடைந்த குடும்பங்களின் சாமான்கள் எத்தனையோ கிடக்கின்றன. நல்லதை அங்கே விற்றுவிட்டு, வேறு வீட்டு மட்டச் சரக்கை வாங்கி வைத்துவிட்டார்கள் என்று முடிவு செய்தேன். யார்? வீட்டைப் பார்த்துக்கொண்ட சவரிமுத்துதான். வேறு யார் கையிலும் சாவி இல்லை.

2

சவரிமுத்துக்கு ஐம்பத்தைந்து வயது இருக்கும். அவர் அப்பாவும் அதே வீட்டில் காவல் இருந்தவர். அதிகம் பேச மாட்டார். படங்கள் இருந்த அறையை எப்போதும் பூட்டியே வைத்திருந்தார். மாதம் இரண்டு சனிக்கிழமை காரைக்குடிக்குப் பஸ் ஏறினார். அவர் வீட்டுக்குப் புதிதாகக் காங்கிரீட் போட்டிருந்தது. எனக்கு இது போதாதா?

டீக்கடையில் விசாரித்தேன். மீன் ஏலம் விடுகிறவரிடம் விசாரித்தேன். பங்குச் சாமியாரிடம்கூடச் சுற்றி வளைத்துக் கேட்டேன். "நல்ல மனுசனுங்க" என்றார்கள் எல்லோரும். ஊரே ஒத்துப் பேசுகிறது என்று அதையும் சந்தேகத்தோடு சேர்த்துக்கொண்டேன். அவரிடம் மட்டும் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவார் என்று பயம்.

ரிப்போர்ட்டில் எழுதினேன்: 'சாமான்கள் மாற்றப்பட்டுள்ளன. காவலாளி மீது சந்தேகம்.' மேனேஜர் அதை மேஸ்திரி, எலெக்ட்ரீசியன், சமையல்காரர் எல்லோர் முன்னாலும் சத்தமாகப் படித்தார்.

"என்னய்யா சொல்ற?" என்று சவரிமுத்துவிடம் கேட்டார்.

சவரிமுத்து என்னைத்தான் பார்த்தார். சாவிக்கொத்தை மேசையில் வைத்துவிட்டு இறங்கிப் போய்விட்டார். குற்றவாளிதான் பேசாமல் போவான் என்று அன்றைக்கு மேனேஜரிடம் சொன்னேன். நினைத்தால் இப்போதும் வாய் கசக்கிறது.

3

பத்து நாள் கழித்து, குத்தகைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட செட்டியாரின் பேரன் பழனியப்பன் சென்னையிலிருந்து வந்தார். ஒரு நாற்காலியைக் கவிழ்த்து விலாசத்தைக் காட்டினேன். அவர் சிரித்துவிட்டார்.

"இது எங்க அய்யா, அதான் எங்க தாத்தா, பொறந்த வீட்டு விலாசங்க. கல்யாணம் ஆகிப் பல வருசத்துக்குப் பெறகு பெரிய வீட்டுக்கு அவகளப் பிள்ளை கூட்டிக்கிட்டாக. அப்பயிருந்து விலாசம் 'மெ.வீ.'ன்னு மாறிருச்சு. சாமானெல்லாம் அதுக்கு முந்தியே செஞ்சது. பத்திரம் பிந்தி எழுதுனது. இதக் காவக்காரரே சொல்லியிருப்பாரே?"

செட்டியார் வீடுகளில் கல்யாணமான ஆண்களைக்கூடத் தத்து எடுப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். காரைக்குடிக்குப் பக்கத்துக் கல்லல்காரனான நான் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன். சந்தேகம் முந்திக்கொண்டதால் தெரிந்தது நினைவுக்கு வரவில்லை.

அன்றைக்கே சவரிமுத்து வீட்டுக்குப் போனேன். காங்கிரீட் போட்டது டீச்சராக இருக்கும் மகள். சனிக்கிழமை பயணம் மனைவியின் டயாலிசிஸுக்கு. அறையைப் பூட்டியது உப்புக்காற்று படங்களைத் தின்றுவிடும் என்பதால்.

"விலாசம் மாறுன கதை ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"எங்கப்பா சொல்லியிருக்காக. ஊரெல்லாம் கேட்டீக. என்னைய ஒரு வார்த்தை கேட்டீகளா சார்?"

மன்னிப்புக் கேட்டேன். திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன்.

"எழுதுனத எழுதித்தான் அழிக்கணும். அன்னைக்கு நின்னவுக அத்தனை பேரு முன்னாடியும் நீங்களே படிங்க. வாரேன்."

மறுநாள் அதே ஆட்களைக் கூட்டி நிறுத்தினோம். நான் எழுதியது தவறு, இவர் ஒரு ஆணியைக்கூட எடுக்கவில்லை என்று படித்தேன். வெட்கமாக இருந்தது. சவரிமுத்து கடைசி வரி வரை நின்று கேட்டார்.

"சரி சார். இதக் கேக்கத்தான் வந்தேன். வேலைக்கு வேற ஆளப் பாத்துக்கங்க" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஸ்டாப்புப் பக்கம் நடந்தார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். யார் மேல் சந்தேகமோ, முதல் கேள்வியை அவரிடமே கேளுங்கள். நான் கடைசியாகக் கேட்டேன். ரிப்போர்ட்டைத் திருத்த முடிந்தது, அந்த மனிதரைத் திரும்பக் கூட்டிவர முடியவில்லை.