பாய்லரில் தொங்கிய பூசணிக்காய்

ஜுனைதீன் நானாவைப் பற்றி யாராவது குறை சொன்னால் இன்றைக்கும் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். பதுளைக்கு மேலே எங்கள் தோட்டத்து ஸ்டோரில், தேயிலைக் கொழுந்தை உருட்டிக் காயவைத்துத் தூளாக்கும் அந்தப் பெரிய தகரக் கட்டடத்தில், பத்து வருஷம் எஞ்சின் ஓட்டியவர் அவர். நாங்கள் அண்ணன் என்பதை அவர்கள் முஸ்லிம் வழக்கில் நானா என்பார்கள். அவருடைய வாப்பாவுக்குப் பதுளைக் கடைவீதியில் துணிக்கடை இருந்தது. மனுஷர் அங்கே உட்கார்ந்து துணி கிழிக்கப் பிடிக்காமல், கரியும் எண்ணெயுமாக எங்களோடு வந்து கிடந்தார். நான் ஜெயலெட்சுமி, பக்கத்து அறையில் தூள் சலிக்கிறவள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்தக் காலைகளை நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைந்துபோகிறது. விடியுமுன் அவர் அடுப்பை மூட்டுவார். நாங்கள் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு வருவதற்குள் பாய்லர் முனக ஆரம்பித்திருக்கும். ஆவி எஞ்சினைத் தள்ளும், எஞ்சின் பெரிய சக்கரத்தைச் சுற்றும், அங்கிருந்து தோல்பட்டி ஓடிக் கொழுந்து உருட்டும் ரோலரைச் சுற்றும். குளிர் நாளில் நாங்கள் பாய்லர் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்போம்.

"நாங்க மாடா ஒழைக்கிறோம். ஒங்க எஞ்சின் சும்மா வெறகத் தின்னுட்டுச் சுத்துது" என்று வம்புக்கு இழுப்பேன்.

"நீ சோறு திங்காம சலிச்சிருவியா தங்கச்சி? ஒனக்குச் சோத்துல ஈக்கிற தெம்புதான் அதுக்கு வெறகுல ஈக்குது. ரெண்டும் வெயில்ல வெளஞ்சதுதான்" என்பார். "ஆனா அது ஒன்ன மாதிரிப் பேசாது. நிம்மதி!"

எல்லாரும் கொல்லென்று சிரிப்பார்கள்.

ஜெர்மன்காரனோடு வெள்ளைக்காரன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷம் ஆயுத பூசை வந்தது. அன்று மத்தியானமே எஞ்சினை நிறுத்திவிட்டு, "ஒங்கட பூசைய நல்லாச் செய்யுங்க" என்று நானா வீட்டுக்குப் போய்விட்டார். நாங்கள் பாய்லரைக் கழுவித் துடைத்து, சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டினோம். பூசணிக்காய் தொங்கவிட ஓர் இடம் வேண்டும். பாய்லரின் உச்சியில் ஒரு நீண்ட இரும்புக் கை நீட்டிக்கொண்டிருந்தது. நுனியில் ஒரு குண்டும் தொங்கியது. ஏணி வைத்து ஏறி, அந்தக் குண்டுக்குப் பக்கத்திலேயே பூசணிக்காயைக் கட்டியவள் நான். நல்ல கனமான காய். மேலே செவ்வந்தி மாலையும் போட்டேன். பூசைக்குக் கட்டியது எதையும் அடுத்த நாள் சாயங்காலப் பூசைவரை யாரும் கழற்றக் கூடாது என்பது எங்கள் தோட்டத்து வழக்கம்.

அந்த இரும்புக் கை எதற்கென்று எனக்கு என்ன தெரியும்? உள்ளே ஆவி அளவுக்கு மீறினால் மேலே ஒரு மூடி தானாகத் திறந்து ஆவியை வெளியே விடும். அந்த மூடியை அளவோடு அழுத்திப் பிடிக்கத்தான் அந்தக் கையும் குண்டும். நான் கட்டிய காய் மூடியை இன்னும் இறுக்கி அழுத்திவிட்டது.

மறுநாள் பத்து மணி இருக்கும். சலிக்கும் அறையின் தரை அதிர ஆரம்பித்தது. நானா கதவை உதைத்துத் திறந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"வெளிய ஓடுங்க! பாய்லர் வெடிக்கப் போகுது, ஓடுங்க!"

நாற்பது பேரும் விழுந்தடித்து மேட்டுக்கு ஓடினோம். எல்லாரும் வெளியே வந்துவிட்டோம், அவர் மட்டும் வரவில்லை. அடுப்பிலிருந்த நெருப்பையெல்லாம் வாரி வெளியே தள்ளிவிட்டு ஏணியில் ஏறினாராம். பூசணிக்காயை ஒரு கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கயிற்றை அறுத்தாராம். மூடி திறந்தது. தோட்டம் முழுக்கக் கேட்கும்படி ஆவி சீறியது. அவருடைய வலது கை முழங்கைவரை வெந்துபோனது.

சாயங்காலம் தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை எல்லாரையும் முற்றத்தில் நிறுத்தி, "யார் செய்தது?" என்று கேட்டார். சொன்னால் வேலையிலிருந்து பேரை வெட்டி, அம்மாவையும் என்னையும் லயத்து வீட்டை விட்டு விரட்டிவிடுவார்கள். நான் மூச்சு விடவில்லை.

"மேல பாக்காம அடுப்ப மூட்டினது நான்தான் தொரை. பிழை என்ட" என்றார் நானா, வெந்த கையில் வாழையிலைக் கட்டோடு. மறுநாளே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள். என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று பதினோரு வருஷம் நினைத்து நினைத்துக் குமைந்தேன்.

பதுளைக்கு முதல் ரயில் வந்த நாளில் ஊரே ஸ்டேஷனில் திரண்டு நின்றது. கூட்டமெல்லாம் பெட்டிகளைப் பார்க்க, ஒரு மனுஷர் மட்டும் எஞ்சின் பக்கத்தில் நின்று ஆவியையே பார்த்துக்கொண்டிருந்தார். தாடி நரைத்திருந்தது. வலது கை விரல்கள் மடங்கியே இருந்தன. கூட்டத்தை இடித்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன்.

"நானா, அந்தப் பூசணிக்காயக் கட்டினது நான்தான்."

"கட்டினது ஆரெண்டு தெரியாது தங்கச்சி. ஆனா காய் தொங்கினத அடுப்பு மூட்ட முந்தியே கண்டேன்."

"பாத்தீங்களா? அப்ப ஏன் நானா எடுக்கல?"

"ஒங்கட சாமிக்கு வச்சத நான் எப்படித் தொடுற? தீயக் கொறச்சு வச்சுச் சமாளிக்கலாம்னு நெனச்சேன். அண்டைக்குக் கொழுந்து குவிஞ்சு கெடந்திச்சு, தொரை நெருக்கினாரு. ஒங்ககிட்ட கேட்டுட்டு எடுப்பம்னு காலையில நீங்க சலிக்கிற ரூம் கதவடிக்கு வந்தேன்."

வந்தார்தான். அப்போதுதான் எனக்கு நினைவுக்கு வந்தது. அவர் ஏதோ சொல்ல வாயெடுக்குமுன், "என்ன நானா, சுண்டலுக்கு மோப்பம் பிடிச்சு வந்தீங்களா?" என்று கேட்டு, அவர் கை நிறையப் பூசைச் சுண்டலைக் கொட்டி அனுப்பியவள் நான்தான். அவரும் சிரித்துக்கொண்டே திரும்பிப் போய்விட்டார்.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நானா" என்றேன்.

"நீயும் அண்டைக்குத் தொரை முன்னால ஒரு வார்த்தை சொல்லி ஈக்கலாம் தங்கச்சி" என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார். நான் அங்கேயே நின்று அழுதேன்.