வைரவனின் பத்திரிகை இங்கிலீஷ்

வைரவன் போய்விட்டார் என்ற செய்தி, சவரக் கடையில் பாதி முகம் மழித்த நிலையில் எனக்கு வந்தது. மீதித் தாடியோடே ஓடினேன். துக்க வீட்டில் நாலு பேர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அடுத்தவன் மானம் போவதை வைரவன் ரொம்ப ரசிப்பார், இதைப் பார்க்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவரை அறிந்த உங்களிடம் அவருடைய இங்கிலீஷைப் புகழ்ந்தால் என்னை அடிக்க வருவீர்கள். நாங்கள் இருவரும் புதுக்கோட்டையில் ஒரே வக்கீலிடம் குமாஸ்தாக்கள். சென்னைப் பத்திரிகை ஒரு நாள் கழித்து வரும். வக்கீல் படித்து, அவர் மைத்துனர் படித்து, கசங்கிப்போய் எங்களிடம் சேரும். மந்திரிகளின் பேச்சும் யுத்த அறிக்கையும்தான் எங்கள் பாடம்.

"இலக்கணமெல்லாம் பள்ளிக்கூடத்துப் பயலுகளுக்கு. ராஜ்யம் ஆளுறவன் பேசுற இங்கிலீசைப் படிங்க" என்பார் வைரவன். படித்தேன். எங்களுக்கு மறுப்பு அறிக்கை மனப்பாடம். குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. மனைவி மீனாட்சியம்மாள் விளக்குமாற்றோடு வந்தால் தெருவுக்குத் தாவிவிட்டு, "முன்னாடியே தீர்மானிச்ச இடத்துக்குப் பின்வாங்கியிருக்கேன்" என்று அறிக்கை விடுவார்.

ஓர் ஐப்பசி மழையில், கந்தர்வக்கோட்டைப் பக்கம் அவருடைய ஊர்க் கண்மாய் உடைந்தது. வீடும் நெல்லும் போய், சனங்கள் கோயில் மண்டபத்தில் பட்டினி கிடந்தார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்த அன்று பார்வையிட ஒரு வெள்ளைக்கார அதிகாரி வந்தார். மொழிபெயர்க்க வேண்டியவருக்குக் காய்ச்சல்.

"நம்ம வைரவண்ணே இருக்காருல்ல! அரிசி வேணும்னு கேளுங்கண்ணே!" என்று சனங்கள் அவரை முன்னே தள்ளினார்கள். நிலைமை எப்படி என்று துரை கேட்டார்.

வைரவன் தொண்டையைக் கனைத்தார். "சிச்சுவேஷன் இஸ் அண்டர் கண்ட்ரோல்! நோ காஸ் ஃபார் அலாரம்!" என்று முழங்கினார். நிலைமை கட்டுக்குள் இருக்கிறதாம், பீதிக்கு இடமில்லையாம்! வெள்ளம் என்றால் பத்திரிகையில் அப்படித்தானே போடுவான்? அந்த இங்கிலீஷைச் சல்லடையில் போட்டுச் சலித்தாலும் 'பசிக்கிறது' என்று ஒரு சொல் விழாது. பசித்தவன் பேசுவதற்காகவா அதைச் செய்தார்கள்? துரை மகிழ்ந்து கைகுலுக்கிவிட்டுக் காரில் ஏறினார். உச்சரிப்பை மெச்சிக் கைதட்டிய ஒரே மடையன் நான்.

"அரிசி எப்பண்ணே வருமாம்?" என்று இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி கேட்டாள்.

அப்போதுதான் வைரவனுக்கு உறைத்தது. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் காரைத் துரத்தினார். கார் நின்றது. வாயில் ஒரு வாக்கியமும் வரவில்லை. வயிற்றில் படார் படாரென்று அடித்தார், வாயைத் திறந்து காட்டினார், மண்டபத்தைக் கைகாட்டினார். மறுநாள் மாட்டுவண்டியில் அரிசி வந்தது.

அதற்குப் பிறகாவது புத்தி வந்ததா? "பேச்சுவார்த்தை சுமுகமா முடிஞ்சது" என்று பார்த்தவர்களிடமெல்லாம் அளந்தார்.

சாவிலும் அதே கதைதான். மீனாட்சியம்மாள் சொல்லிச் சொல்லி அழுதார்: "நெஞ்சைப் பிசையுதுன்னு என்கிட்ட சொன்னாருங்க. டாக்டரு வந்து இங்கிலீசுல கேக்கவும், எந்திரிச்சு உக்காந்து என்னமோ முழங்குனாரு. டாக்டரும் சிரிச்சுக்கிட்டே கிளம்பிட்டாருங்க."

என்ன முழங்கியிருப்பார் என்று உங்களுக்கும் எனக்கும் தெரியாதா?

அந்த இங்கிலீஷ் அவரோடே எரிந்து போகட்டும். என் பங்கையும் சேர்த்துச் சிதையில் போட்டாயிற்று. நான் வைத்துக்கொள்வது, சேற்றில் காரை மறித்து வாயைத் திறந்து காட்டிய அந்த மனிதரை மட்டும். டாக்டர் வந்த அன்றும் அந்த மனிதர் ஒரு தடவை வந்து நெஞ்சில் அடித்துக் காட்டியிருக்கலாம்.