மே ஃப்ளவரும் புங்கமரமும்

போன செவ்வாய்க்கிழமை காலை ஆறரை மணி. புயல் காற்று சற்று அடங்கியிருந்தது. எங்கள் தெருவில் கரன்ட் இல்லை. என் வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால், எதிர்வீட்டு அண்ணாச்சி போனுக்கு சார்ஜ் போட வந்திருந்தார்.

அண்ணாச்சிக்கு தி.நகரில் ஜவுளிக்கடை. தினமும் அந்த நேரத்துக்குத் தன் வீட்டு வாசல் மரத்தடியில் நிற்கும் காருக்குள் உட்கார்ந்து, கோயம்புத்தூரில் படிக்கும் மகளோடு பேசுவார். வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காதாம்.

காபி டம்ளரை அவர் கையில் கொடுக்கிறேன்... வெளியே மடமடவென்று ஏதோ முறியும் சத்தம்.

ஓடிப்போய்ப் பார்த்தால், அவர் வீட்டு மரம் வேரோடு சாய்ந்து கார் மேல் கிடக்கிறது. டிரைவர் சீட்டுக்கு நேர் மேலே கூரை அப்பளமாக நொறுங்கியிருந்தது.

அண்ணாச்சி திரும்பி வந்து என் நாற்காலியில் உட்கார்ந்தார். பிறகு, "போன்ல மட்டும் சார்ஜ் இருந்திருந்தா டீச்சர்..." என்று ஆரம்பித்தார். முடிக்கவில்லை.

பத்து வருடத்துக்கு முன்னால், நானும் அவரும் ஒரே நாளில், ஒரே நர்சரியில் வாங்கிய கன்றுகள்தான் அந்த மரமும் என் வீட்டு மரமும். ராஜா அண்ணாமலைபுரத்தில் அப்போதுதான் வீடு கட்டியிருந்தேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் படுக்கையறைச் சுவரில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. அமெரிக்காவில் இருக்கும் என் மகள் ஒரு ஓக் மரத்தின் படத்தை அனுப்பி, "இதுக்குக் கீழ நின்னா வெயிலே தெரியாதும்மா. ஒண்ணு வச்சிடு" என்றாள்.

அடையாறில் நர்சரி வைத்திருந்த தேவகியிடம் படத்தைக் காட்டினேன்.

"மரம் நல்லாத்தான் கீது. ஆனா இந்தக் கடல்காத்து, இந்த வெயிலு... தாங்குமான்னு யாருக்கும்மா தெரியும்? உன் வூட்ல வெயில் எந்தப் பக்கம் அடிக்குது? அத்த சொல்லு மொதல்ல."

வீடு கட்டிய இன்ஜினீயர்கூட என்னிடம் அதைக் கேட்டதில்லை!

"மேற்கால."

"அப்ப மேற்கால ஒரு புங்கன் வை. செவுத்த விட்டு பத்தடி தள்ளி. அடியில பைப்லைன் போகுதான்னு பாத்துக்க."

அண்ணாச்சிக்குப் பொறுமை இல்லை. மூன்றே வருடத்தில் நிழல் வேண்டும், பூவும் வேண்டும். கோடையில் செக்கச்செவேலென்று பூக்குமே, அந்த மே ஃப்ளவர்தான் வேண்டும் என்றார். "காத்துக்கு நிக்காது சார். வேகமா வளர்ற மரம், கிளை சட்னு முறியும்" என்றாள் தேவகி. சிரித்துக்கொண்டே வாங்கிவிட்டார்.

உண்மையைச் சொல்கிறேன். அடுத்த சில கோடைகளில் எனக்கு அவர் மரத்தின் மேல் பொறாமை. அது மாடியைத் தொட்டபோது, என் புங்கன் இடுப்புயரத்தில் நின்று இலையைக் கொட்டிக்கொண்டிருந்தது. பிடுங்கிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

இன்று அது ஒரு கிளையை இழந்துவிட்டு நிற்கிறது. ஜெயித்துவிட்டேனா? இல்லவே இல்லை. புயலுக்கு முன்னால் எந்த மரத்துக்கு யார் கியாரண்டி கொடுக்க முடியும்? அன்று அண்ணாச்சியைப் பார்த்தபோது மனதில் இருந்தது ஒன்றே ஒன்றுதான் — மனுஷர் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அது போதும்.

ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சிலிருந்து திரும்பி வரும்போது பார்த்தேன். அண்ணாச்சி தன் வீட்டு மேற்குப் பக்கம் டேப் வைத்துப் பத்தடி அளந்து, குழி தோண்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு புங்கங்கன்று.

"இது நிழல் தர ஆறேழு வருஷம் ஆகுமே அண்ணாச்சி?"

நிமிர்ந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

"அதான் இருக்கேன்லா டீச்சர்."