ஓடைக்கு அந்தாண்ட

எங்கள் தெரு முடிகிற இடத்தில் ஒரு மஞ்சள் பலகை நிற்கிறது. “இதற்கு மேல் நான் தனியாகப் போய்விடுவேன்” என்று சிறுபிள்ளைக் கையெழுத்தில் ஜெர்மன் மொழியில் எழுதியிருக்கும். பள்ளிக்கூடம் வைத்த பலகை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூட்டிவரும் பெற்றோர் அதோடு நின்றுகொள்ள வேண்டும். மற்றவர்கள் பிள்ளையின் தொப்பியைச் சரிசெய்து, ‘ச்சூஸ்’ சொல்லிக் கையசைத்துவிட்டுத் திரும்புகிறார்கள். நான் மட்டும் படிக்கத் தெரியாதவன் மாதிரி, மகள் யாழினியின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளி வாசல்வரை போய்க்கொண்டிருந்தேன். பலகை வந்ததும் அவள் கையை உருவப் பார்ப்பாள். நான் விடமாட்டேன். ஸ்டுட்கார்ட்டில் இத்தனை வருடம் இருந்தும், பலகைக்கு அப்பால் உள்ள வளைவில் திரும்பும் கார்களை என்னால் நம்ப முடியவில்லை.

ஒருநாள் வகுப்பாசிரியை என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். “நீங்கள் சின்ன வயதில் யாரோடு போய்வந்தீர்கள்?” என்று கேட்டார். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. தனியாகத்தான், விடுமுறை என்றால் காலையிலிருந்து சாயங்காலம்வரை உப்பில்தான் கிடப்பேன் என்று, உப்பளத்துக்குச் சொல் தெரியாமல், எனக்குத் தெரிந்த ஜெர்மனில் அளந்துவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. இந்த நாட்டில் உப்பைப் பூமிக்கடியில் வெட்டி எடுக்கிறார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இருட்டுச் சுரங்கத்தில் ஒரு குழந்தையை அவர் பார்த்துவிட்டார். “உங்களைப் பார்த்துக்கொள்ள யாருமே இல்லையா?” என்றார். “நீமான்ட்” என்றேன், ஒருவரும் இல்லை என்று. அவர் எழுந்துபோய் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

மரக்காணம் உப்பளத்தை ஈ.சி.ஆரில் பஸ்ஸில் போகும்போது பார்த்திருப்பீர்கள். கண் கூசும் வெள்ளை, பாத்தி பாத்தியாகத் தண்ணீர், அங்கங்கே உப்புக் குவியல். அம்மா அங்கேதான் கூலிக்கு உப்பு வாரப் போவாள். நான் வரப்பு வரப்பாக ஓடுவேன். குவியல் மேல் ஏறிச் சறுக்கி அடி வாங்குவேன். கடைசிப் பாத்திகளைத் தாண்டி ஓர் ஓடை உண்டு. அதில் இறங்கி நண்டு பிடித்து, அக்கரை ஏறி, பசி எடுக்கும்வரை அந்தப் பக்கம் திரிவேன். இங்கே நம்மவர்கள் கூடும் பிறந்தநாள் விழாக்களில், கேக் வெட்டி முடிப்பதற்குள் இந்தப் பேச்சு வந்துவிடும். நம் காலத்துப் பிள்ளைகள் கொடுத்துவைத்தவர்கள், இந்தக் காலத்துப் பிள்ளைகள் பாவம் என்போம். சொல்லிவிட்டு, பக்கத்து அறையில் விளையாடும் பிள்ளைகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்காருவோம்.

டம்ளர் தண்ணீர்க் கதையை அன்று சாயங்காலம் செல்வி அக்காவிடம் போனில் சொன்னேன். அக்கா என்னைவிட நான்கு வயது மூத்தவள். உப்பளத்து ஓரமாகவே வாழ்க்கைப்பட்டவள். விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்கட்டும் என்று காத்திருந்து, “ஆனா நாம எவ்ளோ சுதந்திரமா சுத்தினோம் இல்லக்கா?” என்றேன்.

“நாம இல்லடா. நீ.”

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன்.

“உனக்கு ஏன் எப்பவும் செவப்புச் சட்டையே எடுத்தாங்க, தெரியுமா?” என்று கேட்டாள்.

“மாரியம்மனுக்கு வேண்டுதல்னு சொல்லுவாங்களே.”

“வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல. வெள்ள உப்புல செவப்பு எட்ட இருந்தாலும் தெரியும். அம்மா குனிஞ்சி உப்பு வாரிக்கினு இருக்கும். நிமுந்தா மேஸ்திரி கத்துவாரு. நான் வரப்பு மேல நின்னுக்கினு உன் சட்டையப் பாத்துக்கினே இருக்கணும். நீ ஓடையில எறங்கினா சட்ட மறைஞ்சிடும். எனக்கு உசுரே போயிடும். நீ மேல ஏறினாத்தான் திரும்பி வரும்.”

“நீயும் வந்திருக்கலாமேக்கா?”

“பொம்பளப் புள்ள ஓடையில எறங்கினா வுட்டுடுவாங்களா? அந்தாண்ட ரோட்டுல பஸ்ஸுல போயிருக்கேன். எறங்கினது இல்ல.” பிறகு சாதாரணமாகக் கேட்டாள்: “யாழினிய ஏன்டா தனியா வுடமாட்டேன்ற?”

தமிழில் ‘நாம்’ என்றால் எதிரில் இருப்பவரும் அதற்குள் இருக்கிறார், ‘நாங்கள்’ என்றால் இல்லை. ஜெர்மன் மொழியில் அந்த வித்தியாசமே கிடையாது. ‘வியர்’ என்று சொல்லித் தப்பித்துவிடலாம். இத்தனை காலம் அக்காவை அந்த ‘நாம’வுக்குள் வைத்துத்தான் என் பால்யத்தைப் பேசிவந்திருக்கிறேன். நினைத்துப் பார்த்தால், என் ஞாபகத்தில் அவள் ஓடியதே இல்லை. வெயிலில் கையைக் கண்ணுக்குமேல் வைத்து நின்றுகொண்டிருக்கிறாள். எனக்கு அழுகை வந்தது. நான் அனுபவித்த சுதந்திரம் பொய் இல்லை, ஆனால் அதற்கு ஒரு காவல் இருந்திருக்கிறது. அந்தக் காவலுக்கு ஒரு சின்னப் பெண்ணை நிறுத்தியிருந்தார்கள். இங்கே இன்னொரு சின்னப் பெண்ணை, பயம் என்ற பெயரில், நானே நிறுத்திவைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை பலகைக்குப் பக்கத்தில் யாழினியின் கையை விட்டேன். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். “பாத்துப் போ” என்றேன். ஒன்றாம் வகுப்புக்குக் கொடுக்கும் பளீர் மஞ்சள் மேல்சட்டையோடு, பை முதுகில் குலுங்க நடந்தாள். பத்தடி போனதும் ஓடினாள். வீடியோ காலில் அக்கா காத்திருந்தாள். பின்பக்கக் கேமராவைப் போட்டு, போனை அந்தப் பக்கம் நீட்டிப் பிடித்தேன்.

“தெரியுதுடா,” என்றாள் அக்கா. “மஞ்சள் தெரியுது. தெரியுது. போவட்டும், தெரியுது.”

வளைவு வந்தது. மஞ்சள் மறைந்தது. போனுக்குள் அக்காவின் மூச்சு மட்டும் கேட்டது. முன்னால் சாம்பல் நிறப் பனி. கையில் இருந்த திரையில், அக்காவுக்குப் பின்னால், மரக்காணத்து உப்பு வெயிலில் எரிந்துகொண்டிருந்தது.

“அந்தாண்ட இன்னாடா இருக்குது?”

“ஒரு ரொட்டிக் கடை. அத தாண்டினா ஸ்கூல்தான்க்கா.”

“அது இல்லடா. ஓடைக்கு அந்தாண்ட.”

இத்தனை வருடத்தில் அவள் இதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. பெற்றோர் தாண்டக் கூடாத பலகைக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, ஓடையின் அக்கரையில் கால் வைத்த இடத்திலிருந்து அவளுக்குச் சொல்லத் தொடங்கினேன்.