அவள் கதைக்கு எனக்குக் கிடைத்த பாராட்டு

ஒவ்வொரு ஜனவரியிலும் முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு காபிக் கடையில் சந்திப்போம். அந்த வருஷம் எழுத்தில் என்னென்ன செய்யப்போகிறோம் என்று ஆளுக்கொரு தாளில் எழுதி, கவரில் போட்டு ஒட்டி, மாற்றிக்கொள்வோம். அடுத்த ஜனவரியில்தான் பிரிக்க வேண்டும். இது என் யோசனை. இன்னொருவருக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்றால்தான் நான் ஒழுங்காக எழுதுவேன் என்று நம்பினேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு கிளினிக்கை ஒட்டிய மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அவள் சுந்தரபாண்டியத்துக்காரி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். என்னைவிடப் பத்து வயது இளையவள். ஒரு நூலகக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததில் பழக்கம். அப்போதே என் கதைகள் நாலைந்து சிறுபத்திரிகைகளில் வந்திருந்தன. அவள் ஒன்றுகூட எழுதியிருக்கவில்லை.

என் தாள் எப்போதும் இரண்டு பக்கமும் நிறைந்திருக்கும். ஒரு நாவல். மாதம் ஒரு சிறுகதை. ஐம்பது புத்தகங்கள். காலை நாலரைக்கு எழுவது. அவளுடையது நாலு வரியைத் தாண்டாது. பிரித்துப் பார்க்கும்போது என் தாளில் புத்தகங்களுக்கு நேராக மட்டும் டிக் விழும். அவள் நாலில் மூன்றை முடித்திருப்பாள்.

"உங்களுக்கு வீட்டு வேலை சாஸ்தி, அக்கா" என்பாள். என் பிள்ளைகள் வெளியூரில் விடுதியில் இருந்து படிக்கிறார்கள். கைக்குழந்தை வைத்திருந்தது அவள்தான். அந்த ஆறுதல் எனக்கு எரிச்சலாக இருந்தது.

மூன்றாம் வருஷம் ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை போன் செய்தாள்.

"அக்கா, கதை வந்துருச்சு. உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லுதேன்."

பத்திரிகையின் பெயரைச் சொன்னாள். நான் ஆறு கதைகள் அனுப்பி ஒன்றுக்கும் பதில் வராத பத்திரிகை. ரொம்ப சந்தோஷம் என்று சொன்னேன். குரல் சரியாக வந்ததா என்று பிறகு வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

வேலைக்குப் போகிற வழியில், பழைய பஸ் ஸ்டாண்டில் நான் வழக்கமாக வாங்கும் பேப்பர் கடைக்குப் போனேன். அந்தப் பத்திரிகை மூன்று பிரதிகள் கிளிப்பில் தொங்கின. மூன்றையும் கேட்டேன். எங்கள் ஊரில் ஒருவரும் அதைப் படித்துவிடக் கூடாது என்று அந்த நிமிஷம் தோன்றியது. வேறு காரணம் இல்லை.

கடைக்காரருக்கு நான் எழுதுகிறவள் என்று தெரியும். மூன்றையும் மடித்துக் கொடுத்தபடி, "உங்க கதை வந்துருக்கா மேடம்?" என்று கேட்டார்.

"ம்" என்றேன்.

அவள் புனைபெயரில் எழுதுகிறாள். ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்ல முடியாத பெயர். அந்த இதழில் கதை என்று இருந்ததும் அது ஒன்றுதான். அவருக்குச் சந்தேகம் வர வழியில்லை. "வீட்டுக்கு ஒண்ணு எடுத்து வச்சிருக்கேன், எங்க வீட்டம்மா படிக்கட்டும்" என்றார். அதையும் கொடுத்துவிடுங்கள் என்று கேட்க முடியவில்லை.

மதியம் மருந்து அலமாரிக்குப் பின்னால் உட்கார்ந்து படித்தேன். மில்லில் வேலை பார்க்கும் ஒருத்தி. ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வருகிறாள். இறங்க வேண்டிய நிறுத்தம் வருகிறது. அவள் இறங்காமல் உட்கார்ந்தே இருக்கிறாள். அவ்வளவுதான் கதை. மோசமாக இருந்திருந்தால் அன்று நான் சாப்பிட்டிருப்பேன். டப்பாவைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அடுத்த வாரம் பேப்பர் கடைக்காரரின் மனைவி தைராய்டு மாத்திரை வாங்க வந்தார். ஸ்பின்னிங் மில்லில் வேலை. சீட்டை நீட்டியவர் கையை எடுக்கவில்லை.

"நீங்க எழுதுன கதையைப் படிச்சேம்மா. ஸ்டாப்புல எறங்காமப் போனாள்ல, அவ நான்தான். நான் ஒருதரம் அப்படியே போயிருக்கேன். வீட்ல யாருக்கும் தெரியாது. நீங்க எப்படிம்மா கண்டுபிடிச்சீங்க?"

பின்னால் நாலு பேர் நின்றார்கள். இப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்காக ஒருவர் கண் கலங்கி நான் அதுவரை பார்த்ததில்லை.

"தோணிச்சு" என்றேன்.

"பொறவு அவ எங்கதான் எறங்குனா?"

"கடைசி ஸ்டாப்புல எறங்கி, அடுத்த பஸ்ஸுல திரும்பி வந்துட்டா" என்றேன். அவர் முகம் கொஞ்சம் வாடியது. தலையாட்டிவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு மாதாமாதம் வந்தார். அந்தப் பிரதி மில்லில் கைமாறிக் கைமாறி அட்டை கிழிந்துவிட்டது என்றார். ஒவ்வொரு பாராட்டையும் கேட்டு நானே வைத்துக்கொண்டேன். அவள் போன் செய்யும்போதெல்லாம், "ஒருத்தரும் ஒண்ணும் சொல்லலக்கா. படிச்சாங்களான்னே தெரியல" என்பாள். "அப்படித்தான் இருக்கும், அதையெல்லாம் எதிர்பார்க்காதே" என்று அறிவுரை சொன்னேன்.

ஜனவரி வந்தது. காபிக் கடையில் முதலில் என் தாளைப் பிரித்தோம். முடித்தது நாற்பத்தோரு புத்தகங்கள், அரைக் கதை. பிறகு அவள் கவரை நான் பிரித்தேன். மூன்று கதை எழுத வேண்டும், அதில் ஒன்று பெரிய பத்திரிகையில் வர வேண்டும், புருஷனுக்கு ஒரு கதையாவது படித்துக் காட்ட வேண்டும். நாலாவது வரி: எனக்குத் தெரியாத ஒரே ஒரு ஆள் என் கதையைப் படித்துவிட்டு என்கிட்ட அதைப் பற்றிப் பேச வேண்டும்.

"மூணு முடிஞ்சிருச்சு. நாலாவது நம்ம கையில இல்லையேக்கா" என்றாள் அவள்.

தாளை மேஜையில் வைத்தேன். மூன்று பிரதி வாங்கியதிலிருந்து கடைசியாக மாத்திரை கொடுத்தது வரை சொன்னேன். அவள் காபியை முழுக்கக் குடித்துவிட்டு, டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"அந்தக்கா இன்னைக்கு வீட்ல இருப்பாங்களா?"

"ஞாயித்துக்கிழமை கடையில இருப்பாங்க."

"வாங்க" என்று எழுந்தாள்.

ராஜபாளையம் பஸ்ஸில் பக்கத்தில்தான் உட்கார்ந்தாள். ஆனால் வழியெல்லாம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். பேப்பர் கடையில் அந்த அம்மாள் இருந்தார். "அந்தக் கதையை எழுதினது இவதான். நான் இல்லை" என்றேன். சொல்லி முடித்தபின் நிற்க இடம் தெரியவில்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ஸ்டூலை முந்தானையால் துடைத்து அவளை உட்காரச் சொன்னார். கடைக்காரர் அடுக்கிய பேப்பர்களையே திரும்ப அடுக்கினார்.

"அவ எங்கதாம்மா எறங்குனா?" என்று அவளிடமும் கேட்டார்.

"எனக்கே தெரியலக்கா. நீங்க எங்க எறங்குனீங்க?"

அந்த அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு குரலைத் தணித்துச் சொல்ல ஆரம்பித்தார். எனக்குக் கேட்கவில்லை. ஒரு மணி நேரம் பேசியிருப்பார்கள். பக்கத்துப் பழக்கடை நிழலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உண்மையைச் சொல்லிவிட்டால் மனசு லேசாகும் என்பார்கள். எனக்கு அந்த ஸ்டூலில் நான் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் இருந்தது.

பஸ் ஏறும்முன் அவள் கேட்டாள். "சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதுல்ல?"

"தெரிஞ்சிருக்காது."

"எம்புட்டு நாள் இதை வச்சிட்டு இருந்துருக்கீங்க" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அந்த வருஷம் நாங்கள் தாள் மாற்றிக்கொள்ளவில்லை. ஐந்து மாதம் போன் இல்லை.

அந்த ஐந்து மாதத்தில் அரைக் கதையை முடித்தேன். இரண்டு பத்திரிகைகள் வேண்டாம் என்றன, மூன்றாவது இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்காரரின் மனைவி மாத்திரைக்கு வருகிறார். சீட்டை வைக்கிறார், மாத்திரையை எடுத்துக்கொள்கிறார்.

வைகாசியில் அவளே பேசினாள். நாவல் எழுத ஆரம்பித்திருக்கிறாளாம். "படிச்சுட்டு உள்ளதைச் சொல்ல வேற ஆள் இல்லக்கா" என்றாள். அத்தியாயம் அத்தியாயமாக வாட்ஸப்பில் அனுப்புகிறாள். நேற்றுக் காலை மூன்றாவது அத்தியாயம் வந்தது. கடையைத் திறக்கும் முன்பே படித்துவிட்டேன். நன்றாக இருக்கிறது என்று பதில் அனுப்ப மதியம் ஆகிவிட்டது.