ரோமாபுரியில் சும்மா நின்ற காலம்

சும்மா நிற்பதற்கும் சம்பளம் கொடுப்பார்கள் என்பது ரொறன்ரோவுக்கு வந்த பிறகுதான் எனக்குத் தெரியும். சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டமான வேலை என்பது அதற்கும் பிறகுதான் தெரிந்தது. ரீவி நாடகத்தில் கதாநாயகனுக்குப் பின்னால் சந்தையில் நடமாடுகிற சனம், மண்டபத்தில் தலையாட்டுகிற சனம், இவர்களுக்கு எக்ஸ்ட்ரா என்று பெயர். கடையில், ஃபாக்டரியில், ஆஸ்பத்திரி வரிசையில் நின்று நின்று கால் வீங்கின உங்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை.

ஊரில் யுத்தம் முடிகிற வருஷம் அது. கார் இருக்கைகளுக்கு உறை தைக்கிற ஃபாக்டரியில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதை மூடிவிட்டார்கள். ரொறன்ரோவின் அஜின்கோர்ட் பகுதியில் எங்கள் கட்டடத்தில் மேல்மாடியில் இருந்த ஒரு அன்ரிதான் இந்த வேலையைப் பற்றிச் சொன்னா. நாடகத்தின் கதை இதுதான்: ஒரு ரொறன்ரோக்காரனும் அவனுடைய மாமியாரும் பேஸ்மென்ற்றில் உடுப்புக் காயவைக்கிற மெஷினுக்குள் தலையை விட்டு, தொலைந்துபோன ஒற்றைச் சொக்ஸைத் தேடுவார்கள். மறுபக்கத்தால் வெளியே வந்தால் இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்திய ரோமாபுரி! ஒவ்வொரு கிழமையும் மருமகன் வீட்டுக்குத் திரும்ப வழி கண்டுபிடிப்பான். ஒவ்வொரு கிழமையும் மாமியார் அதைக் கெடுப்பா.

எந்த நாட்டு முகம்?

முதலில் ஆள் எடுக்கிற அலுவலகத்துக்குப் போகவேண்டியிருந்தது. ஒரு பெண் என்னைச் சுவரோடு நிற்கவைத்து, நேரே ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம் எடுத்தாள். பொலிஸ் பிடித்தவர்களை எடுப்பார்களே, அதேமாதிரி. "எந்த நாடு?" என்று கேட்டாள். "இலங்கை" என்றேன். அவளிடம் இருந்த வகைகளில் அது இல்லை. பேனையைக் கடித்துக்கொண்டு யோசித்துவிட்டு உள்ளே இருந்த பெரியவரைக் கூப்பிட்டாள்.

அவர் வந்து படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார். நான் சுவரைவிட்டு அசையவில்லை. வாடகைக்கு வேறு வழி இருக்கவில்லை. கடைசியில் அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "இந்த முகம் எல்லா நாட்டுக்கும் பொருந்தும். எந்த நாடு என்று மட்டும் ஒருவராலும் சொல்ல முடியாது."

மீன்காரி

எனக்குக் கிடைத்த முதல் வேஷம் மீன்காரி. ரொறன்ரோவின் கிழக்கு ஓரத்தில், ரூஜ் பக்கத்தில் ஒரு வெட்டவெளியில் ரோமாபுரிச் சந்தையைக் கட்டியிருந்தார்கள். றப்பர் மீனைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தம் வராமல் வாயை மட்டும் அசைத்துக் கூவவேண்டும். சித்திரை மாதம் பிறந்த பிறகும் அன்றைக்குப் பனி கொட்டியது. இத்தாலி வெயிலில் நடக்கிற கதை. ஆகவே, இலைகளை ஊதித் தள்ளுகிற மெஷினைக் கொண்டுவந்து தூண்களில் இருந்த பனியை ஊதித் தள்ளினார்கள். எங்களுக்கு மேலே மெல்லிய துணி, காலில் தோல் வார்ச் செருப்பு. உள்ளே போட்டிருந்த குளிர்க் காற்சட்டை தெரியாமல் முழங்காலுக்கு மேலே சுருட்டிவிட்டிருந்தோம்.

மாமியாராக நடித்தவ வயதான நடிகை. திரையில் ஊரையே கூட்டுகிற குரல்; நேரில் மெல்லிய பேச்சு. அவவுக்கென்று சூடான வண்டி ஒன்று நின்றது. ஆனால் அவ எங்களோடு வந்து, நெருப்பு மூட்டியிருந்த தகரப் பீப்பாயைச் சுற்றிப் போட்டிருந்த வாங்கில் இருந்தா. நீலம் பாய்ந்த தன் கால்விரல்களைப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னா: "ரோமாபுரி அழிந்ததற்கு எத்தனையோ காரணம் எழுதியிருக்கிறார்கள். இந்தச் செருப்பை ஒருவரும் எழுதவில்லை."

செனற்றர் சிவபாலன்

எக்ஸ்ட்ராக்களில் இன்னொரு தமிழர் இருந்தார், சிவபாலன் அண்ணை. ராக்ஸிக் கார் ஓட்டினவர். நல்ல உயரம், வெள்ளைத் தாடி. ரோமாபுரி அரசசபையில் இருக்கிற செனற்றர் வேஷத்துக்கு வெள்ளைத் துணியைச் சுற்றி நிறுத்தியதும் நெறியாளரே ஒருமுறை எழும்பி நின்றார் என்று சொல்வார்கள். அன்றுமுதல் மண்டபக் காட்சிகளில் அவருக்கு முன்வரிசை. முல்லைத்தீவுப் பக்கத்து ஆள். ஒரே தங்கச்சி, அவளுடைய புருஷன், இரண்டு பிள்ளைகள் எல்லாரும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். எந்தத் தகவலும் இல்லை. அந்த நாட்களில் யுத்தத்தை நிறுத்தச் சொல்லி எங்கள் சனம் பதாகைகளோடு ரொறன்ரோ தெருக்களில் நின்றது நினைவிருக்கும். அண்ணையும் படப்பிடிப்பு முடிந்த கையோடு முகத்தில் பூசின பவுடரைத் துடைத்துவிட்டு அங்கேதான் ஓடுவார்.

மத்தியானச் சாப்பாட்டை அவர் தொடமாட்டார். கோப்பிக் கப்பைச் சூட்டுக்காகக் கையில் வைத்திருப்பார், அவ்வளவுதான். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேன். "அண்ணை, மனம் உப்பிடி இருக்கேக்க ஏன் உந்தக் கூத்துக்கு வாறியள்? வீட்டில ஆறுதலா இருக்கலாமே?" அவர் கோப்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வீட்டில இருந்தால் நாள் முழுக்க ரீவியைப் பாக்கவேணும் பிள்ளை. இஞ்ச வந்தால் ரீவிக்குள்ள இருக்கலாம்."

ஆடு

மாமியார் ஒரு படைக்கே சூப் வைத்துக் கொடுத்து, குடித்த அத்தனை பேரும் மயங்கி விழுகிற காட்சி. மருமகன் வந்து, எல்லாரும் செத்துவிட்டார்கள் என்று நினைத்துத் தலையில் அடித்துக்கொள்வான். எழுத்தில் வாசித்தபோது எல்லாரும் சிரித்தோம். வெட்டவெளியில் எங்களைச் சரித்து, ஒருவர்மேல் ஒருவர் கை கால் விழுகிற மாதிரிக் கிடத்தினார்கள். அன்றைக்கு அண்ணைக்குப் போர்வீரன் வேஷம். எல்லாரும் படுத்த பிறகும் அவர் மட்டும் நின்றார். தொப்பியின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கிடந்தவர்களையே பார்த்தார். "எனக்கு ஏலாது பிள்ளை. படுக்க ஏலாதெண்டு மார்சியிட்டச் சொல்லு," என்றார். எனக்கும் அப்போதுதான் நாங்கள் கிடக்கிற கோலம் உறைத்தது: ஊர்ச் செய்தியில் நாள்தோறும் பார்த்த அதே கோலம்.

மார்சி எங்கள் உதவி நெறியாளர். கையில் ஒலிபெருக்கி இருந்தும் ஒருநாளும் கத்தாதவள். அவளிடம் ஓடிப்போய், அவருடைய தங்கச்சி இப்போது ஒரு யுத்தத்துக்குள் இருக்கிறாள், உயிரோடு இருக்கிறாளோ தெரியாது என்றேன். எந்த நாடு, எந்த யுத்தம் என்று அவள் கேட்கவில்லை. வந்து, அண்ணையின் தொப்பியைத் தன் கையாலேயே கழற்றினாள். சந்தைக் காட்சிக்காகக் கட்டியிருந்த ஆடு ஒன்றை அவிழ்த்துக் கயிற்றை அவர் கையில் கொடுத்து, ஓரமாக நிற்கச் சொன்னாள். அண்ணை குனிந்து அதன் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். தூரத்திலிருந்து நெறியாளர், போர்க்களத்தில் ஆடு எதற்கு என்று கத்தினார். மார்சி அன்றைக்குத்தான் முதல்தடவையாக ஒலிபெருக்கியை வாயில் வைத்தாள்: "உடுப்புக் காயவைக்கிற மெஷினுக்கு இடமிருக்கிற கதையில் ஆட்டுக்கும் இடமிருக்கும்!"

மண்டபத்தில் மணி

படப்பிடிப்பில் கைத்தொலைபேசி வைத்திருக்கக்கூடாது. அண்ணைக்கு மட்டும் மார்சி விட்டுக்கொடுத்தாள், மணி அடிக்காமல் அதிர்கிற மாதிரி வைக்கவேண்டும் என்ற நிபந்தனையோடு. இவ்வளவு துணிக்குள் அதிர்வது தெரியாமல் போய்விடுமோ என்ற பயத்தில் அண்ணை சத்தத்தையும் கூட்டி வைத்துவிட்டார். வைகாசியில் ஒருநாள், சாயம் பூசின பலகைப் படிகளில் செனற்றர்கள் எல்லாரும் இருக்க, கதாநாயகன் நீளமான பேச்சு ஒன்றைப் பிழையில்லாமல் பேசிக்கொண்டு வந்தான். முடிகிற இடத்தில், ரோமாபுரி மண்டபத்தில் நாதஸ்வரம் கேட்டது.

முதலில் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு அண்ணையின் முகத்தைப் பார்த்து அடங்கினார்கள். அண்ணை எழும்பி, துணி மடிப்புகளுக்குள் கைவிட்டுப் போனைத் தேடி எடுத்து, "ஹலோ" என்றார். "தங்கச்சியோ? கதை, கதை... எந்த முகாம்? பிள்ளையள்? ரெண்டு பேருமோ?" அவர் கண்ணால் தண்ணீர் ஓடியது, வாய் சிரித்தது. பிறகு, "மச்சான் எங்க?" என்று கேட்டார்.  போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மெல்லப் படியில் இருந்தார். தங்கச்சியின் புருஷன் இல்லை என்று எனக்கு விளங்கிவிட்டது. வாசலில் ஒரு நடன மாதாக நின்ற நான் ஓடிப்போய் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். மாமியார் நடிகை வந்து மறுபக்கத்தில் இருந்தா. மற்றவர்கள் ஒருவருக்கும் ஒரு சொல்லும் விளங்கவில்லை, ஆனால் ஒரு செனற்றரும் அசையவில்லை. பத்து நிமிஷ இடைவேளை விடலாமா என்று யாரோ குசுகுசுத்தார்கள். நெறியாளர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: "பத்து நிமிஷக் கணக்கெல்லாம் இல்லை. அவர் பேசி முடிக்கும் வரைக்கும்."

சாந்தி பார்த்த நாடகம்

தங்கச்சி சாந்தி பிள்ளைகளோடு கனடாவுக்கு வந்துசேர வருஷங்கள் எடுத்தன. அண்ணை ரூஜில் வாங்கியிருந்த வீட்டில்தான் எல்லாரும் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் சாப்பிடக் கூப்பிட்டார்கள். சாந்தியின் மகள்காரி எங்கேயோ தேடி நாடகத்தைப் பிடித்துப் பெரிய ரீவியில் போட்டுவிட்டாள். முன்வரிசையில் அண்ணை ஒரு கணம் தெரிந்ததும், "ஓ மை கோட், மாமா!" என்று பிள்ளைகள் இரண்டு பேரும் துள்ளினார்கள். சாந்தி அதிகம் பேசாத ஆள். சோற்றுக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தாள்.

திடீரென்று அந்த வெட்டவெளி வந்தது. சனம் குவியலாகக் கிடந்தது. இந்தப் பகுதிதான் ஓடப்போகிறது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றவேயில்லை. அண்ணை பதறிப்போய், குழம்புக் கையோடு றிமோட்டைத் தேடினார். நான் பிள்ளைகளுக்கு முன்னால் எழும்பி நின்று மறைக்கப் பார்த்தேன். திரையில் மருமகன் தலையில் அடித்து அழுகிறான். சாந்தி கையை நீட்டி, என்னை மெல்ல ஒருபக்கமாக விலக்கினாள். அவளுடைய முகத்தில் எதைத் தேடுவதென்று தெரியாமல் பார்த்தேன். கண் திரையில்தான் இருந்தது. "விடுங்கோ அண்ணை, ஓடட்டும்," என்றாள். "உவையள் எழும்புவினம்தானே."

மொத்தத்தில், ஒரு சாம்ராச்சியத்தில் வேலை பார்த்து நான் மிச்சம் பிடித்தது முழங்கால் வலியும், நல்லநாள் பெருநாளுக்குப் போய்வர ஒரு வீடும்தான்.