மயில்கழுத்து நிறத்தில் ஒரு கதவு

அந்தக் காரின் நிறம் என்ன என்று கேட்டால் என்னால் ஒரே சொல்லில் சொல்ல முடியாது. ஒரு காலத்தில் பச்சை. என் அப்பா புது வண்டி வாங்கியபோது பழையதை என் தலையில் கட்டிவிட்டார். எழுபதுகளின் நடுவில் அது ஆரணிக்கு வந்து சேர்ந்தபோதே பானெட்டில் பச்சை கரைந்து, அடியில் இருந்த நீலப் பூச்சு திட்டுத் திட்டாக எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. கூரையில் வேப்பம்பழக் கறை. பிறந்த வீட்டு ரைஸ் மில்லில் லாரியே ஓட்டிப் பார்த்தவள் நான். இந்த வண்டி என் சொல்லைக் கேட்டது, எனக்கு அது போதும்.

என் வீட்டுக்காரருக்குத்தான் போதவில்லை. அவர் நெசவாளர்களுக்கு நூல் கொடுத்துச் சேலையாக வாங்குகிற பட்டு வியாபாரி. ஊருக்கெல்லாம் கலர் விற்கிறவர் வீட்டு வண்டிக்குக் கலர் இல்லையா என்று கடைவீதியில் யாரோ கேலி செய்துவிட்டார்கள். அன்றோடு அவர் அதில் ஏறுவதை நிறுத்திவிட்டு ஸ்கூட்டரோடு இருந்துகொண்டார். பெண்டாட்டி ஓட்ட, பக்கத்தில் உட்கார்ந்து போவதும் ஒரு மாதிரி இருந்திருக்கும்.

வெள்ளிக்கிழமைக் காலைகள் என்னுடையவை. படவேட்டுக்கு பஸ் எப்போதாவதுதான் என்பதால் காரில் போய் ரேணுகாம்பாளைப் பார்த்து வருவதாக வீட்டில் சொல்வேன். அம்மன் மன்னிக்க வேண்டும், பாதி நாள் நான் போனது அந்த ரோட்டுக்காக. சோக்கை இழுத்து, வண்டி இருமி முடிக்கும்வரை காத்திருந்து கிளம்புவேன். தறிச் சத்தம் பின்னால் தேய்ந்துகொண்டே போய் ஒரு வளைவில் இல்லாமலே ஆகிவிடும். சந்தவாசல் தாண்டினால் ஜவ்வாது மலை பனிக்குள் நீலமாக நிற்கும். எவ்வளவு ஓட்டினாலும் கிட்டே வராது. பிறகு எப்போது வந்தது என்று தெரியாமல் ஜன்னலுக்கு வெளியே இருக்கும். என் காலடியில், தரைத் தகட்டில் ஒரு ஓட்டை. அதன் வழியே ரோடு ஓடுவது தெரியும், மழை பெய்த மறுநாள் ஈர மண் வாசனை உள்ளே வரும். முப்பதுக்கு மேல் நான் வேகம் கூட்டியதே இல்லை. கூட்டினால் சீக்கிரம் போய்ச் சேர்ந்துவிடுமே.

எண்பதுகளின் தொடக்கத்தில் வேலூரிலிருந்து ஒருவர் அந்த வண்டியை விலைக்குக் கேட்டார். வீட்டுக்காரர் எனக்குக் கெடு வைத்தார். மயில்கழுத்து நிறம் அடித்துப் பார்ப்போம், நன்றாக வந்தால் வைத்துக்கொள், வராவிட்டால் சனிக்கிழமை வேலூர்க்காரர் ஓட்டிக்கொண்டு போவார் என்றார். என் அப்பா கொடுத்த வண்டிக்கு இவர் என்ன கெடு வைப்பது என்று இரண்டு நாள் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

மயில்கழுத்து ஒற்றை நிறம் அல்ல. நீளவாட்டில் ஓடும் நீலப் பாவில் குறுக்கே பச்சை ஊடை ஓடினால், சேலை அசையும்போது ஒரு பக்கம் நீலமாகவும் ஒரு பக்கம் பச்சையாகவும் தெரியும். இதை என்னைவிட நன்றாக அறிந்த மனிதர், பெயின்டரிடம் மாதிரிக்கு நீலத்தில் ஒரு சிட்டம் நூலும் பச்சையில் ஒரு சிட்டம் நூலும் கொடுத்து, இந்த இரண்டு நிறப் பெயின்டையும் கலந்தால் வந்துவிடும் என்று சொல்லிவிட்டு வந்தார். தறியில் நடப்பது டப்பாவிலும் நடக்கும் என்று நம்பிவிட்டார். பெயின்டர் பாவம், சொன்னபடி கலந்து, பார்ப்பதற்காக இடது கதவுக்கு மட்டும் அடித்தார். குளத்துப் பாசி நிறத்தில் வந்தது.

வீட்டுக்காரர் ஒப்புக்கொள்வாரா? நிழலில் நிறம் பார்க்கக் கூடாது, காலை வெயிலில் பார்க்க வேண்டும் என்றார். வெள்ளிக்கிழமை விடிந்ததும் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். இதுதான் கடைசி என்று நினைத்துக்கொண்டே நான் ஓட்டினேன்.

சந்தவாசலுக்கு அப்பால் புளியமர நிழல் முடியும் இடத்தில் நிறுத்தச் சொல்லி இறங்கினார். கதவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பிறகு பானெட் எதிரே வந்து நின்றவர், தலையை இந்தப் பக்கம் சாய்த்தார், அந்தப் பக்கம் சாய்த்தார். கடையில் சேலையை வாசலுக்குக் கொண்டுவந்து பார்க்கும்போது அப்படித்தான் சாய்ப்பார். தேய்ந்த பச்சையும் அடியில் இருந்த நீலமும் அவர் அசைய அசைய மயில்கழுத்துச் சேலைபோல மாறியிருக்க வேண்டும். வெகுநேரம் நின்றார். நான் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை.

பெயின்ட் கதவோடு நிற்கட்டும், வேலூர்க்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிடலாம் என்றார். ஏறி உட்கார்ந்து, மலையைப் பார்த்தபடியே வந்தார். வயலும் பனையும் மெதுவாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

“இத்தினி வருஷமா இந்த ரோட்ல நீ தனியாவா போய்கினு வந்துகினு இருந்த?”

“பக்கத்து சீட்டு காலியாத்தான் இருந்துது. நீங்கதான் ஏறல.”

வண்டி பிழைத்ததற்கு வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. மலையும் ரோடும் ஒன்றாகக் கலங்கித் தெரிய, வேகத்தை இன்னும் குறைத்தேன். பின்னால் வந்த மாட்டு வண்டிக்காரர் எங்களைத் தாண்டிக்கொண்டு போனார்.